அற்பப் பாவங்களுக்காக எத்தனை நாளுக்கு ஒருமுறை பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும்?

கேள்வி இதுதான்: "சாவான பாவம் எதுவும் செய்ததாக என் மனச்சான்று சொல்லவில்லை. கோபம், சிறு பொய், செபத்தில் பராக்கு, பிறரைப் பற்றிப் புறம்பேசுதல், இவைதான் என் பாவங்கள். இவற்றுக்காக எத்தனை நாளுக்கு ஒருமுறை பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும்? வாரந்தோறும் என்கிறார் ஒருவர். பாஸ்கா காலத்தில் ஒருமுறை போதும் என்கிறார் இன்னொருவர். அற்பப் பாவங்களுக்குத் தேவையே இல்லை என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வது சரி? ஒவ்வொரு முறை நற்கருணை வாங்குவதற்கு முன்னும் செய்ய வேண்டுமா?"

கடமை எது என்று மட்டும் கேட்டால் மூன்றாமவர் சொல்வது சரி. அற்பப் பாவங்களைப் பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் அறிக்கையிட்டே ஆக வேண்டும் என்று திருச்சபை ஒருபோதும் கட்டளையிட்டதில்லை. ஆனால் கடமை இல்லை என்பதால் தேவை இல்லை என்று ஆகிவிடாது. எது நல்லது என்று கேட்டால், பொதுநிலையினரில் (குருக்களும் துறவியரும் அல்லாத விசுவாசிகளில்) பெரும்பாலோருக்கு மாதம் ஒருமுறை என்பேன். அந்த மாதக் கணக்கு சட்டத்தில் இல்லை. மனித மனம் இயங்கும் விதத்தைப் பார்த்தும், திருச்சபையின் நீண்ட பழக்கத்தைப் பார்த்தும் சொல்கிறேன்.

முதலில் சட்டம். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இதற்கு இரண்டு எண்கள் முக்கியம். 988ஆம் எண், திருமுழுக்குக்குப் பின் செய்த, இன்னும் அறிக்கையிடாத கனமான பாவங்கள் (கடவுளோடுள்ள உறவையே முறிக்கும் சாவான பாவங்கள்) அனைத்தையும் வகையும் எண்ணிக்கையும் சொல்லி அறிக்கையிட வேண்டும் என்கிறது. அதே எண்ணின் இரண்டாம் பத்தி, அற்பப் பாவங்களையும் அறிக்கையிடுவது பரிந்துரைக்கப்படுகிறது என்கிறது. முதற்பத்தியில் கடமை, இரண்டாம் பத்தியில் பரிந்துரை. 989ஆம் எண், விவரம் அறியும் வயதை அடைந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தம் கனமான பாவங்களை உண்மையாக அறிக்கையிட வேண்டும் என்கிறது. சிறுவயதில் நாம் மனப்பாடம் செய்த "ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம்" என்ற திருச்சபைக் கட்டளையின் சட்ட வடிவம் இது. இதன் வேர் 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கத்தில் (ஆயர்களின் பேரவையில்) இருக்கிறது. சட்டத்தின் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டால், கனமான பாவம் எதுவும் இல்லாதவரை அந்த ஆண்டுக் கடமைகூடக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தாது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. "எனக்கு அற்பப் பாவங்கள்தான்" என்ற முடிவுக்கு வருவதற்கு முன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஒரு பாவம் சாவான பாவமாக மூன்று நிபந்தனைகள் சேர வேண்டும்: காரியம் கனமானதாக இருக்க வேண்டும், அது கனமானது என்று தெரிந்திருக்க வேண்டும், முழு மனத்தோடு செய்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவமாகாது. நம்மில் பலர் உடல் சார்ந்த பாவங்களை மட்டுமே கனமானவை என்று எண்ணிப் பழகிவிட்டோம். உடன்பிறந்தவரோடு சொத்துத் தகராறில் ஆண்டுக்கணக்காக வெறுப்பை வளர்ப்பது, வேலை செய்தவருக்குரிய கூலியைத் தராமல் ஏமாற்றுவது, பொய்ப்பழி சுமத்தி ஒருவர் பெயரைக் கெடுப்பது, காரணமின்றி ஞாயிறு திருப்பலியை வேண்டுமென்றே விடுவது, இவையெல்லாம் நம் கணக்கில் "சின்ன விஷயம்" என்று பதிவாகிவிடலாம். கூலி மறுக்கப்பட்டவரின் கூக்குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டியிருக்கிறது என்கிறது யாக்கோபு திருமுகம். இப்படி ஏதாவது இருந்தால் மாதம், வாரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. முடிந்த அளவு விரைவில் போக வேண்டும். அதுவரை நற்கருணை வாங்காமல் இருக்க வேண்டும்.

இனி உண்மையான அற்பப் பாவங்களைப் பற்றி. இவை பாவசங்கீர்த்தனம் இல்லாமலே மன்னிக்கப்படுமா? ஆம். 1551இல் திரிதெந்து பொதுச்சங்கம் இதைத் தெளிவாகச் சொன்னது: அற்பப் பாவங்களை அறிக்கையிடுவது பயனுள்ளது, சரியானது, ஆனாலும் அவற்றைச் சொல்லாமல் விடுவது குற்றமாகாது, வேறு பல வழிகளில் அவற்றுக்குப் பரிகாரம் தேடலாம். அந்த வழிகளில் முதன்மையானது நற்கருணை. அது நம்மில் அன்பை உயிர்ப்பித்து, அந்த அன்பு அற்பப் பாவங்களைத் துடைத்துவிடுகிறது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1394ஆம் எண்ணில் கற்பிக்கிறது. மனத்துயரோடு சொல்லும் செபம், தருமம், நோன்பு, பகைத்தவரோடு சமாதானமாதல், மறைநூலை வாசித்தல் எல்லாமே இதில் சேரும். திருப்பலித் தொடக்கத்தில் மார்பில் தட்டிக்கொண்டு நாம் பாவிகள் என்று ஏற்றுக்கொள்வதையும், பக்தியோடு தீர்த்தம் தொட்டுக்கொள்வதையும்கூட புனித தாமஸ் அக்குவினாஸ் இந்த வரிசையில் வைக்கிறார். ஒவ்வொரு நாளும் தவிர்க்க முடியாமல் செய்துவிடும் சிறு பாவங்களுக்கு, ஒவ்வொரு நாளும் சொல்லும் கர்த்தர் கற்பித்த செபமே மருந்து என்று புனித அகுஸ்தினார் கற்பித்தார். "எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்று மனமார வேண்டுகிறவரைக் கடவுள் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஒவ்வொரு நற்கருணைக்கு முன்னும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியதில்லை. சாவான பாவம் இருந்தால் மட்டுமே அது கட்டாயம். அற்பப் பாவத்தோடு நற்கருணை வாங்கக்கூடாது என்று பயந்து பின்வரிசையிலேயே நின்றுவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். தங்களுக்கு மருந்தாகத் தரப்படுவதையே அவர்கள் தள்ளி வைக்கிறார்கள். இந்தத் தயக்கத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பல நூற்றாண்டுகளாக மக்கள் நற்கருணை வாங்கியதே ஆண்டில் சில தடவைதான். அதனால் ஒவ்வொரு தடவையும் பாவசங்கீர்த்தனம் முன்னதாக வந்தது. இரண்டும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை என்ற எண்ணம் வேரூன்றியது. 1905இல் திருத்தந்தை பத்தாம் பயஸ், அடிக்கடி, முடிந்தால் நாள்தோறும் நற்கருணை வாங்க மக்களை அழைத்தார். அதற்குத் தேவை அருள் நிலையும் (சாவான பாவம் இல்லாத நிலை) நேர்மையான நோக்கமும்தான் என்றார். அந்த அழைப்பு வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் பழைய பயம் சிலரை விட்டபாடில்லை.

அப்படியானால் நியாயமான ஒரு கேள்வி எழுகிறது. திருப்பலியிலும் செபத்திலுமே மன்னிப்பு கிடைக்கிறது என்றால், வரிசையில் காத்திருந்து, முழந்தாளிட்டு, இன்னொரு மனிதரின் காதில் என் சிறுமைகளைச் சொல்வது எதற்கு?

என் அறையில் தனியாக உட்கார்ந்து கடவுளிடம் மன்னிப்புக் கேட்கும்போது குற்றம் சாட்டுபவனும் நானே, வாதாடுபவனும் நானே, பல நேரங்களில் தீர்ப்புச் சொல்பவனும் நானே. அந்த வழக்கில் நான் தோற்பது அபூர்வம். "கோபம் வந்தது, ஆனால் அவன்தானே தூண்டினான்" என்று வழக்கு ஒரு நொடியில் தள்ளுபடியாகிவிடும். அதே கோபத்தை இன்னொருவர் முன் வாய்திறந்து சொல்ல முயன்று பாருங்கள். "அவன்தானே தூண்டினான்" என்ற வாசகம் தொண்டையிலேயே நின்றுவிடும். சொல்லாக வெளியே வந்த பாவத்தின் அளவு தெரிகிறது. சில சமயம் நினைத்ததைவிடப் பெரிதாக இருக்கிறது. சில சமயம் நாம் பல நாள் சுமந்து வருந்தியது உண்மையில் பாவமே இல்லை என்று குருவானவர் சொல்ல, பாரம் இறங்குகிறது. இரண்டும் தனிமையில் நடப்பது கடினம்.

மன்னிப்பைக் காதால் கேட்பதும் சிறிய விஷயம் என்று நான் நினைக்கவில்லை. "உன் பாவங்களை மன்னிக்கிறேன்" என்ற சொல் வெளியிலிருந்து, என் உணர்ச்சிகளைச் சாராமல் வருகிறது. அன்று எனக்குப் பக்தி இருந்ததா, கண்ணீர் வந்ததா என்பதையெல்லாம் அது கேட்பதில்லை. உயிர்த்த ஆண்டவர் சீடர்கள்மேல் ஊதி, "எவருடைய பாவங்களை நீங்கள் மன்னிப்பீர்களோ, அவை மன்னிக்கப்படும்" என்றது ஒரு வாக்குறுதி. அதை ஒரு குறிப்பிட்ட நாளில் எனக்கென்று சொல்லக் கேட்கிறேன். இதோடு இந்த அருட்சாதனத்துக்கே உரிய அருள் ஒன்று உண்டு. நடந்ததை மன்னிப்பதோடு நில்லாமல், அறிக்கையிட்ட அதே பாவத்தை எதிர்க்கும் வலிமையையும் அது தருகிறது. பொறுமையின்மையை அறிக்கையிட்டவர் பொறுமைக்கான உதவியைப் பெற்றுத் திரும்புகிறார். தருமம் செய்வதாலும் தீர்த்தம் தொடுவதாலும் மன்னிப்பு உண்டு. ஆனால் இந்தக் குறிப்பிட்ட அருளுக்கு ஆண்டவர் ஏற்படுத்திய இடம் இது.

திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1943இல், கிறிஸ்துவின் மறையுடலான திருச்சபையைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் இதை விரிவாகச் சொன்னார். இளம் குருக்களில் சிலர் அடிக்கடி பாவசங்கீர்த்தனம் செய்வதை மட்டம் தட்டிப் பேசிய காலம் அது. அந்தப் பழக்கம் தூய ஆவியின் ஏவுதலால் திருச்சபையில் வந்தது என்று அவர் உறுதியாக எழுதினார். தன்னைத்தானே அறிவது வளர்கிறது, தாழ்ச்சி வளர்கிறது, கெட்ட பழக்கங்கள் திருந்துகின்றன, ஆன்மிக அசட்டையும் வெதுவெதுப்பும் எதிர்க்கப்படுகின்றன, மனச்சான்று தூய்மையடைகிறது, மனத்திடம் வலுப்படுகிறது என்று பயன்களை அடுக்கினார். அவருக்கு முன்பே, 1786இல் இத்தாலியின் பிஸ்தோயா நகரில் கூடிய மறைமாவட்டச் சங்கம் ஒன்று, அற்பப் பாவங்களை இவ்வளவு அடிக்கடி அறிக்கையிடாமல் இருந்தால் நல்லது என்று சொல்லியிருந்தது. அடிக்கடி செய்தால் இந்த அருட்சாதனத்துக்கு மதிப்புக் குறைந்துவிடும் என்பது அவர்கள் கவலை. 1794இல் திருத்தந்தை ஆறாம் பயஸ் அந்தக் கருத்தைக் கண்டனம் செய்தார். ஆக "அற்பப் பாவத்துக்கு எதற்கு" என்ற கேள்வி புதியதல்ல. திருச்சபை அதைக் கேட்டு, யோசித்து, பதிலும் சொல்லியிருக்கிறது.

ஆனாலும் முழு வரலாற்றையும் பார்த்தால் எண்ணிக்கை எப்போதும் ஒரே மாதிரி இருந்ததில்லை. முதல் நூற்றாண்டுகளில் கொலை, விபசாரம், விசுவாச மறுப்பு போன்ற பெரும்பாவங்களுக்கான பகிரங்கத் தவம் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் அனுமதிக்கப்பட்டது. அன்றாடச் சிறு பாவங்கள் செபத்துக்கும் தருமத்துக்கும் விடப்பட்டன. பிறகு அயர்லாந்துத் துறவிகள் தனிமையில், திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய அறிக்கை முறையை ஐரோப்பாவுக்குள் கொண்டுவந்தார்கள். இன்று நாம் அறிந்த வடிவம் அங்கிருந்து வளர்ந்தது. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, துறவியர் வாரம் ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்யும்படி தலைவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு அந்த வாரக்கணக்கை எடுத்துவிட்டு "அடிக்கடி" என்று மட்டும் சொல்கிறது. குருக்களுக்கும் அதே சொல்தான். ஒரு எண்ணைத் தேடிச் சட்டத்தைப் புரட்டினால் கிடைக்காது.

எண் கிடைக்காவிட்டாலும் வழிகாட்டுதல் கிடைக்கிறது. பதினேழாம் நூற்றாண்டு ஆயரான புனித பிரான்சிஸ் சலேசியார், உலகில் குடும்பத்தோடும் தொழிலோடும் வாழும் மக்களுக்கு எழுதியபோது, முடிந்தால் எட்டு நாளுக்கு ஒருமுறை என்றார். திருத்தந்தை பிரான்சிஸ் 2013 நவம்பரில் புதன் மறைக்கல்வி உரையில், தானும் ஒரு பாவி என்பதால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாவசங்கீர்த்தனம் செய்வதாகச் சொன்னார். மாதத்தின் முதல் வெள்ளி, முதல் சனி பக்திமுயற்சிகளைக் கடைப்பிடிப்பவர்கள் இயல்பாகவே மாதம் ஒருமுறை செய்கிறார்கள். நிறைபேறுபலன் (மன்னிக்கப்பட்ட பாவங்களுக்குரிய தண்டனை முழுவதும் நீங்கத் திருச்சபை வழங்கும் சலுகை) பெற விரும்புபவர், அதற்கான செயலைச் செய்யும் நாளுக்கு முன்னோ பின்னோ ஏறத்தாழ இருபது நாளுக்குள் பாவசங்கீர்த்தனம் செய்திருந்தால் போதும் என்று 2000ஆம் ஆண்டு யூபிலியின்போது உரோமை தெளிவுபடுத்தியது. எட்டு நாள், பதினைந்து நாள், இருபது நாள், ஒரு மாதம் என்று எல்லாமே ஏறக்குறைய ஒரே வட்டாரத்தில் நிற்கின்றன. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

காரணம் நினைவுதான். சாவான பாவத்தை மனிதன் மறப்பதில்லை. பத்து ஆண்டு கழித்தும் அது இடமும் நேரமுமாக நினைவில் நிற்கும். அற்பப் பாவம் அப்படியல்ல. போன செவ்வாய்க்கிழமை மாமியாரிடம் பேசிய எரிச்சலான வார்த்தை ஒரு வாரம் நினைவில் இருக்கும், மூன்று வாரம் மங்கலாக இருக்கும், மூன்று மாதத்தில் சுத்தமாக மறைந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் போகிறவர் என்ன சொல்வார்? "கோபப்பட்டேன், பொய் சொன்னேன், செபத்தில் அசட்டையாக இருந்தேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இது எல்லா மனிதருக்கும் பொருந்தும் பட்டியல், அவருடைய வாழ்க்கை அதில் இல்லை. மனத்துயர் என்பது முகமும் பெயரும் உள்ள ஒன்றைக் குறித்துத்தான் எழும். பொதுவான ஒரு பட்டியலைக் குறித்து யாராலும் வருந்த முடியாது. மாத இடைவெளி என்றால் நடந்தவை இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அதே நேரத்தில் எது தற்செயல், எது பழக்கம் என்று பார்க்கப் போதுமான காலமும் கடந்திருக்கிறது.

ஆகவே என் கணக்கு இப்படி. குடும்பமும் வேலையுமாக இருப்பவர் மாதம் ஒருமுறையை வழக்கமாக வைத்துக்கொள்ளட்டும். ஏதோ ஒரு பழக்கத்தோடு குறிப்பாகப் போராடிக்கொண்டிருப்பவர், துறவற வாழ்வில் இருப்பவர், செப வாழ்வில் தீவிரமாக இறங்கியிருப்பவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ வாரந்தோறுமோ போகலாம். இதுவரை ஆண்டுக்கு ஒருமுறைதான் போயிருக்கிறேன் என்பவர் உடனே வாரக்கணக்குக்குத் தாவ வேண்டாம். திருவருகைக்காலம், தவக்காலம், நடுவில் ஏதாவது ஒரு பெருவிழா என்று ஆண்டுக்கு மூன்று நான்கு முறையில் தொடங்கி மெல்ல நெருக்கிக்கொண்டு வரட்டும். நாளை முன்கூட்டியே குறித்துவைப்பது நல்லது. "தோன்றும்போது போகலாம்" என்று விட்டால் தோன்றாது. அற்பப் பாவத்தின் இயல்பே உறுத்தாமல் இருப்பதுதான். உறுத்தட்டும் என்று காத்திருப்பவர் ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பார். வேண்டுமென்றே செய்து மனம் வருந்தாமல் விட்ட அற்பப் பாவம் மெல்ல மெல்லச் சாவான பாவத்துக்கு வழி திறக்கும் என்று மறைக்கல்வி நூல் எச்சரிக்கிறது. புறம்பேசுவதில் தொடங்கியவர் எந்த நாளில் பொய்ப்பழி சுமத்தத் தொடங்கினார் என்று அவருக்கே தெரிவதில்லை.

எத்தனை முறை என்பதைவிட எப்படி என்பதில் நான் இன்னும் பிடிவாதமாக இருப்பேன். பலரும் அறியாத ஒன்று இங்கே உண்டு. அற்பப் பாவங்களை மட்டும் அறிக்கையிடும்போது, அவற்றில் ஒன்றைக் குறித்தாவது உண்மையான மனத்துயரும் திருந்தும் எண்ணமும் இருக்க வேண்டும். எதைப் பற்றியும் வருத்தமே இல்லாமல் வழக்கமான வரிகளை ஒப்பித்துவிட்டு வந்தால் அந்த அருட்சாதனத்துக்கு அடிப்படையே இல்லாமல் போகிறது. எதைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், எதைச் சொல்கிறோமோ அதை மனதோடு சொல்ல வேண்டிய பொறுப்பு அதிகமாகிறது. இன்று எதன்மேலும் உண்மையான வருத்தம் இல்லை என்று தோன்றினால், ஏற்கெனவே மன்னிப்புப் பெற்ற பழைய பாவம் ஒன்றை, உண்மையில் வருந்தும் ஒன்றை, சேர்த்துச் சொல்லலாம். "என் கடந்த வாழ்வின் பாவங்களுக்காகவும், குறிப்பாகப் பெற்றோருக்கு எதிராகச் செய்தவற்றுக்காகவும் மனம் வருந்துகிறேன்" என்று முடிப்பது திருச்சபையில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம்.

எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. அற்பப் பாவங்களுக்கு எண்ணிக்கை தேவையில்லை. இரண்டு அல்லது மூன்றைத் தேர்ந்தெடுங்கள். அவற்றை நடந்தபடி சொல்லுங்கள். "கோபப்பட்டேன்" என்பது ஒன்று. "என் மனைவி என்னிடம் கணக்குக் கேட்டாள் என்பதற்காக இரண்டு நாள் வேண்டுமென்றே அவளோடு பேசாமல் இருந்தேன். அவள் அழுததைப் பார்த்தும் விட்டுக்கொடுக்கவில்லை" என்பது வேறு. முதலாவதைச் சொல்பவருக்கு முகம் சிவப்பதில்லை. இரண்டாவதைச் சொல்லும்போது தான் செய்தது கோபம்கூட இல்லை, தண்டிக்கும் ஆசை என்று அவருக்கே விளங்குகிறது. குருவானவருக்கும் அப்போதுதான் ஏதாவது பயனுள்ளதாகச் சொல்ல முடிகிறது. பிரான்சிஸ் சலேசியார் இதைத்தான் வற்புறுத்தினார். பொய் சொன்னேன் என்று நிறுத்தாதே, தற்பெருமைக்காகவா, தப்பித்துக்கொள்ளவா, வேடிக்கையாகவா, பிடிவாதத்தாலா என்று காரணத்தையும் சொல் என்றார். "கடவுளை எவ்வளவு நேசிக்க வேண்டுமோ அவ்வளவு நேசிக்கவில்லை" போன்ற பொதுவான குற்றச்சாட்டுகளால் பயனில்லை, விண்ணகத்துப் புனிதர்களும் மண்ணுலகின் எல்லா மனிதரும் அதையே சொல்லலாம் என்றார்.

பிறருடைய பாவத்தைச் சொல்லும் பழக்கத்தையும் கவனித்துத் தவிர்க்க வேண்டும். கணவர் குடிக்கிறார், மருமகள் மதிப்பதில்லை, அதனால் எனக்குக் கோபம் வருகிறது என்று தொடங்கினால், ஐந்து நிமிடம் கழித்தும் சொந்தப் பாவம் வந்திருக்காது. அந்த வேதனை உண்மையானது. அதைப் பற்றிக் குருவோடு தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். பாவசங்கீர்த்தனத்தில் நம் பங்கு மட்டும் போதும்.

"ஒவ்வொரு முறையும் அதே பாவங்களைத்தானே சொல்கிறேன், இதனால் என்ன பயன்?" இந்தச் சோர்வு எல்லோருக்கும் வரும். என் குணம் ஒன்று, சூழ்நிலை ஒன்று என்றால் விழுவதும் ஒரே இடத்தில்தான் இருக்கும். மாதந்தோறும் புதுப்புதுப் பாவங்களோடு வந்தால்தான் கவலைப்பட வேண்டும். திருந்தும் எண்ணம் என்றால் இனி ஒரு அற்பப் பாவமும் செய்யமாட்டேன் என்று சத்தியம் செய்வதல்ல. கடவுளின் தனிச்சலுகை இல்லாமல் வாழ்நாள் முழுவதும் எல்லா அற்பப் பாவங்களையும் ஒருவர் தவிர்க்க முடியாது என்றும், அந்தச் சலுகை அன்னை மரியாவுக்குக் கிடைத்ததாகத் திருச்சபை ஏற்கிறது என்றும் திரிதெந்து சங்கம் கற்பித்திருக்கிறது. நமக்குத் தேவைப்படும் உறுதி சிறியது: இந்த மாதம் இந்த ஒன்றில், வேண்டுமென்றே செய்வதைக் குறைப்பேன், அதற்கு இன்ன வழியைக் கையாள்வேன். அலுவலகத்தில் புறம்பேசும் கூட்டம் எந்த நேரத்தில் கூடுகிறது என்று தெரியும் என்றால், அந்த நேரத்தில் அங்கே போகாமல் இருப்பதே திருந்தும் எண்ணம்.

இதுவரை சொன்னது எல்லாம் அசட்டையாக இருப்பவர்களுக்கு. எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களை நான் மறக்கவில்லை. எதற்கெடுத்தாலும் பாவமோ என்று நடுங்கும் மனம் சிலருக்கு உண்டு. பாவசங்கீர்த்தனம் முடித்து வெளியே வந்ததும் "அதைச் சரியாகச் சொன்னேனா, அந்தச் சூழ்நிலையை விட்டுவிட்டேனா" என்று திரும்ப வரிசையில் நிற்பார்கள். நீங்கள் அப்படிப்பட்டவர் என்றால் மேலே சொன்ன அறிவுரைகளில் பலவும் உங்களுக்கு உரியவையல்ல. விரிவாகச் சொல்லாதீர்கள், காரணங்களைக் கிளறாதீர்கள், அடிக்கடி போகாதீர்கள். இயேசு சபையைத் தோற்றுவித்த புனித இஞ்ஞாசியார் 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இந்த வேதனையை அனுபவித்தார். முழு வாழ்வின் பாவங்களையும் எழுதிக் கொடுத்து அறிக்கையிட்ட பிறகும் மனம் அடங்கவில்லை. மிகத் தெளிவானவற்றைத் தவிரப் பழைய பாவங்களை இனிச் சொல்ல வேண்டாம் என்று அவருடைய குரு கட்டளையிட்டார். ஆனால் அவருக்கு எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்தன! உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரும் அளவுக்கு அது முற்றியது. இனிப் பழைய பாவங்கள் எதையும் அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்தபோதுதான் அவருக்கு விடுதலை கிடைத்தது. இப்படித் துன்பப்படுபவர் ஒரே ஒரு குருவைத் தேர்ந்துகொண்டு, அவர் குறிக்கும் நாளில் மட்டும் போய், அவர் போதும் என்றால் நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த அச்சம் தூக்கத்தையும் வேலையையும் குலைக்கும் அளவுக்குப் போனால் மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். அது விசுவாசக் குறைவு இல்லை.

சில நடைமுறை விஷயங்கள். முன்தயாரிப்புக்கு நீண்ட நேரம் வேண்டாம். தூய ஆவியிடம் ஒளி கேட்டுவிட்டு, வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் நினைத்து, பிறகு வேலையிடம், பணம், நாக்கு, செபம் என்று பத்து நிமிடம் ஆன்மசோதனை செய்தால் போதும். பெரிய விழாக்களுக்கு முந்தைய நாள்களில் வரிசை நீளமாக இருக்கும். அற்பப் பாவங்களோடு வருபவர் அந்த நெருக்கடியைத் தவிர்த்து, சாதாரண வாரத்தில் போவது மற்றவர்களுக்குச் செய்யும் உதவி. வரிசையில் பின்னால் ஆண்டுக்கணக்கான பாரத்தோடு ஒருவர் தைரியத்தைத் திரட்டி நிற்கக்கூடும். பங்கில் குறித்த நேரம் இல்லை என்றால் குருவானவரிடம் நேரம் கேளுங்கள். நியாயமாகக் கேட்கும் விசுவாசிகளின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க ஏற்பாடு செய்வது ஆன்மாக்களின் பொறுப்பில் உள்ளவர்களின் கடமை என்று சட்டம் 986ஆம் எண்ணில் சொல்கிறது. அவர் உங்களைத் தெரிந்தவர் என்று கூச்சமாக இருந்தால் வேறு பங்குக்குப் போகலாம், அல்லது தடுப்புக்குப் பின்னால் இருந்து சொல்லலாம். முகம் காட்டாமல் அறிக்கையிடும் உரிமை உங்களுக்கு உண்டு. சொன்னதை எந்தக் காரணத்துக்காகவும் வெளிப்படுத்த அவருக்கு உரிமை இல்லை. ஆனால் முடிந்தவரை ஒரே குருவிடம் போவது மாதாந்தரப் பழக்கத்துக்கு நல்லது. இரண்டாம், மூன்றாம் மாதத்தில் அவர் கவனிக்கும் ஒரு தொடர்பை நீங்களாகக் கண்டிருக்கமாட்டீர்கள்.

குறித்த நாள் தவறிவிட்டால் பாவமில்லை. நீங்களாக வைத்துக்கொண்ட ஒழுங்கு அது. அடுத்த சனிக்கிழமை போய், "கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து இவ்வளவு காலமாகிறது" என்று தொடங்குங்கள். பல ஆண்டுகளாகிவிட்டன, எப்படித் தொடங்குவது என்றே மறந்துவிட்டது என்றாலும் அதையே முதல் வரியாகச் சொல்லுங்கள். மனத்துயர் செபம் மறந்திருந்தால் குரு சொல்லித் தருவார், அல்லது உங்கள் சொந்த வார்த்தைகளில் வருத்தத்தைச் சொல்லச் சொல்வார். கொடுக்கும் பரிகாரத்தை அன்றே, கோவிலை விட்டு வருவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.